பெட்டிக்கு வெளியே நிற்கிற ஆள்

எங்கள் தொழிலில் எந்த டிசைன் ஆவணத்தைத் திறந்தாலும் முதல் பத்துப் பக்கத்துக்குள் ஒரு பிளாக் டயகிராம் வந்துவிடும். நடுவில் ஒரு பெரிய பெட்டி, அதற்குள் பவர் சப்ளை, கன்ட்ரோலர், மோட்டார், சென்சார், டிஸ்ப்ளே என்று குட்டிப் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே அம்புக்குறிகள். பெரிய பெட்டிக்கு வெளியே, பக்கத்தின் ஓரமாக ஒரு குச்சி மனிதன் நிற்பான். கீழே 'யூசர்' என்று எழுதியிருக்கும். டிஸ்ப்ளேயிலிருந்து அவனுக்கு ஒரு அம்பு, அவனிடமிருந்து கீபேடுக்கு ஒரு அம்பு, அவ்வளவுதான். பெட்டிக்குள் கிடக்கிற சாதாரண கெப்பாசிட்டருக்குக்கூட எத்தனை டிகிரி தாங்கும், எத்தனை வோல்ட் தாங்கும், எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று கணக்கு உண்டு. குச்சி மனிதனுக்கு ஒன்றும் கிடையாது. அவனுக்குத் தூக்கம் வராது, திரையில் வருவதையெல்லாம் படிப்பான், படித்ததை மறக்கமாட்டான், இரண்டு கையும் எப்போதும் காலியாக இருக்கும் என்று யாரும் எழுதாமலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

நான் பெங்களூரில் மருத்துவக் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியில் சிஸ்டம்ஸ் இன்ஜினியர், அதாவது தனித்தனி டீம்கள் செய்கிற பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று பார்க்கிற ஆள். கம்பெனி பெயர் வேண்டாம். வேலை இன்ஃப்யூஷன் பம்பில், அதாவது நோயாளியின் ரத்தக் குழாய்க்குள் மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து ஏற்றுகிற கருவி. பழைய டிரிப்பில் சக்கரத்தைத் திருகிச் சொட்டை எண்ணுவார்களே, அந்த வேலையை மோட்டார் செய்கிறது. மோட்டார் தப்பு செய்வது அபூர்வம். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கிற அரசு அமைப்பான எஃப்டிஏ 2005 முதல் 2009 வரை இந்தப் பம்புகளைப் பற்றி மட்டும் சுமார் 56,000 புகார் அறிக்கைகள் வந்ததாகச் சொல்லி, 2010-ல் இதற்கென்று தனித் திட்டமே தொடங்கியது. அவர்கள் முக்கியமாகக் குறிப்பிட்ட பிரச்சினைகளில் சாஃப்ட்வேர் கோளாறும் பேட்டரி கோளாறும் இருந்தன, கூடவே திரையும் பட்டன்களும் குழப்புகிற விதமும் இருந்தது.

கருவியைப் பயன்படுத்துகிற மனிதரின் கண், கை, கவனம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து டிசைன் செய்ய ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்று ஒரு துறையே இருக்கிறது, எங்கள் தொழிலில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனால் நான் பார்த்த பெரும்பாலான புராஜெக்ட்களில் அது வரும் நேரத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். சர்க்யூட் போர்டு முடிந்து, பிளாஸ்டிக் உறைக்கான மோல்டுக்குக் காசு கட்டி, சாஃப்ட்வேர் முக்கால்வாசி ஓட ஆரம்பித்த பிறகு ஒரு டிசைனரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க, ஐகான், கலர் எல்லாம் ஓகேவா" என்பார்கள். அப்போது மாற்றக்கூடியது உண்மையிலேயே கலர் மட்டும்தான். ஆளைப் பெட்டிக்குள் கொண்டுவராமல், பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கும்போது மட்டும் நினைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெங்களூர்க்காரர்கள் தூரமாகப் போக வேண்டியதில்லை.

ஓல்ட் ஏர்போர்ட் ரோடில் தொம்லூர் பக்கம் கோல்ஃப் மைதானம் இருக்கிறதல்லவா? 1990 பிப்ரவரி 14 அன்று பம்பாயிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் 605, எச்ஏஎல் விமான நிலைய ஓடுபாதையைத் தொடாமல் அந்தப் புல்வெளியில் விழுந்தது. 146 பேரில் 92 பேர் இறந்தார்கள். விமானம் ஏர்பஸ் ஏ320, இந்தியாவுக்கு வந்து சில மாதங்களே ஆன வகை. இன்ஜினில் கோளாறு இல்லை, நல்ல பகல் வெளிச்சம்.

அந்த விமானத்தில் இன்ஜின் சக்தியைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும், ஆனால் எந்த மோடில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. 'ஸ்பீடு' மோடில் வேகம் குறைந்தால் தானாகவே சக்தியைக் கூட்டும். 'ஓபன் டிசென்ட்' மோடில் இன்ஜின் ஐடிலிலேயே கிடக்கும், இறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டது மாதிரி. தரையை நெருங்கும்போது முதலாவதில் இருக்க வேண்டும், அன்று இரண்டாவதில் இருந்தது. அதிலிருந்து வெளியே வர ஒரு வழி, ஃப்ளைட் டைரக்டர் என்ற வழிகாட்டியை அணைப்பது. அது இரண்டு பைலட்டுக்கும் தனித்தனியாக உண்டு, இரண்டையும் அணைத்தால்தான் கம்ப்யூட்டர் ஸ்பீடு மோடுக்கு மாறும். ஒன்று அணைந்தது, இன்னொன்று அணையவில்லை, காக்பிட் ஒலிப்பதிவில் இதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. பல விமானங்களில் ஆட்டோமேட்டிக்காகச் சக்தி ஏறி இறங்கும்போது த்ராட்டில் லீவரும் கூடவே நகரும், மேலே கை வைத்திருப்பவருக்குக் கையிலேயே தெரியும். ஏ320-ல் லீவர் வைத்த இடத்தில் அசையாமல் நிற்கும். என்ன மோடில் இருக்கிறோம் என்பதைத் திரையின் மேல்வரிசையில் வருகிற சில எழுத்துகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பைலட்டுகள் நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து உடனே த்ராட்டிலைத் தள்ளவில்லை என்று விசாரணை நீதிமன்றம் சொன்னது. கடைசிக் கட்டத்தில் அந்த மோடு ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்றும் சொன்னது. நிமிடத்துக்கு 700 அடி இறங்கு என்று ஒரு குமிழைத் திருகப் போய், பக்கத்தில் இருந்த உயரக் குமிழை 700 அடிக்குத் திருகியிருக்கலாம் என்பது இன்றுவரை பேசப்படுகிற ஓர் ஊகம். ஊகம்தான், நிரூபணம் இல்லை. எனக்கு உறுத்துவது முதல் பாதி. தீவிரத்தை உணரவில்லை, சரி. அந்தத் தீவிரத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய வேலை எந்தப் பெட்டியுடையது? டயகிராமில் அந்த வேலைக்கு ஒரு பெட்டி இருந்ததா?

இரண்டு வருடம் கழித்து, 1992 ஜனவரி 20 அன்று, பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர் அருகே இன்னொரு ஏ320 மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அங்கே இறங்குகிற கோணத்துக்கும் இறங்குகிற வேகத்துக்கும் ஒரே குமிழ், மோடு எதுவோ அதற்கேற்றபடி எண்ணுக்கு அர்த்தம் மாறும். கோணம் என்றால் திரையில் -3.3, வேகம் என்றால் -33, அதாவது நிமிடத்துக்கு 3,300 அடி. இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளிதான் வித்தியாசம். 3.3 டிகிரி என்று நினைத்து 3,300 அடி வேகத்தில் இறங்கியிருக்கக்கூடும் என்பதுதான் விசாரணை அதிகம் சாத்தியம் என்று கருதிய விளக்கம். பிறகு வேகத்தை நாலு இலக்கமாக, -3300 என்றே காட்டும்படி மாற்றினார்கள். இரண்டு பூஜ்யம் சேர்த்தார்கள், வேறொன்றுமில்லை. அதை டிசைன் மேசையிலேயே கேட்டிருக்கக்கூடிய ஆள் யார் என்று யோசித்தால், எந்த டீமுக்கும் அது வேலை இல்லை. டிஸ்ப்ளே டீமுக்கு எண் சரியாக வருகிறது, ஆட்டோபைலட் டீமுக்குக் கட்டளை சரியாகப் போகிறது, இருவரின் டெஸ்ட்டும் பாஸ். நடுவில் இருக்கிற மனிதர் மட்டும் யாருடைய இன்டர்ஃபேஸ் ஆவணத்திலும் இல்லை.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்த ஞானமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பிறகு பைலட்டுகள் இறக்கையின் பின்னால் இருக்கிற ஃப்ளாப் என்ற மடிப்பை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரத்தை மடக்கிவிடுகிறார்கள் என்று புகார் வந்தபோது, அல்ஃபோன்ஸ் ஷப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் போய்ப் பார்த்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வடிவத்தில் இருந்தன. சக்கரத்தின் சுவிட்சுக்குச் சக்கர வடிவத்திலும் ஃப்ளாப்பின் சுவிட்சுக்கு ஆப்பு வடிவத்திலும் தலை வைக்கச் சொன்னார். இன்றைக்கும் பயணிகள் விமானங்களில் அந்த வடிவங்கள் விதியாகவே இருக்கின்றன. 1947-ல் ஃபிட்ஸும் ஜோன்ஸும் 'பைலட் பிழை' என்று பேர் வாங்கிய 460 சம்பவங்களைச் சேகரித்து அலசி, பெரும்பகுதியை டிசைனை மாற்றியே தவிர்த்திருக்கலாம் என்று காட்டினார்கள். இதெல்லாம் நம் அப்பாக்கள் பள்ளிக்கூடம் போன காலத்து விஷயம்.

அப்படியிருந்தும் ஒரு ரிஸ்க் மீட்டிங்கில் உட்கார்ந்து பாருங்கள். "சிஸ்டர் 5-க்குப் பதிலா 50 அடிச்சிட்டா?" என்று யாராவது கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வந்துவிடும்: டிரெய்னிங் குடுத்துக்கலாம், மேனுவல்ல ஒரு வார்னிங் போட்டுடலாம். மருத்துவக் கருவிகளின் ரிஸ்க் தரமான ஐஎஸ்ஓ 14971 இதற்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் டிசைனிலேயே ஆபத்தை ஒழி, முடியாவிட்டால் தடுப்போ அலாரமோ வை, அதுவும் போதாத இடத்தில் எச்சரிக்கையும் பயிற்சியும். நாங்கள் அந்த ஏணியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம். காரணம் சோம்பேறித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மேனுவலில் ஒரு வரி சேர்க்க எந்த டீமின் ஷெட்யூலும் நகர வேண்டாம், அதுதான் காரணம். டிசைனை மாற்ற நாலு டீம் நகர வேண்டும்.

5, 50 விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். போன் மாதிரி 0 முதல் 9 வரை பட்டன் வைத்தால் வேகமாக அடிக்கலாம். மேல் அம்பு, கீழ் அம்பு மட்டும் வைத்தால் மெதுவாகத்தான் போகும். வேகமானது நல்லது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2011-ல் பிரிட்டனில் வந்த ஓர் ஆய்வில் ஆட்களின் கண் எங்கே போகிறது என்று பார்த்தார்கள். எண் பட்டனில் அடிப்பவர்கள் விரலையே பார்க்கிறார்கள், அம்பை அழுத்துபவர்கள் வேறு வழியில்லாமல் திரையைப் பார்க்கிறார்கள், அதனால் தங்கள் தவறைத் தாங்களே அதிகம் பிடிக்கிறார்கள். கீபேடு எத்தனை பட்டன் என்பது மெக்கானிக்கல் டீம் முதல் மாதத்திலேயே முடிவு செய்துவிடுகிற விஷயம். ரிலீசுக்கு முன்னால் வருகிற டிசைனர் இதில் என்ன செய்வார்?

எனக்கு இதில் உண்மையான பாடம் எடுத்தது ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரவு டியூட்டி. அனுமதி வாங்கிக்கொண்டு ஐசியூவில் ஓரமாக நின்று பார்த்தேன். சிஸ்டர்களில் பாதிப் பேர் மலையாளம், மீதிப் பேர் கன்னடமும் தமிழும். இன்சார்ஜ் அக்கா கிருஷ்ணகிரிக்காரர், அதனால் எனக்கு வசதியாகப் போயிற்று.

ஒரு கட்டிலுக்கு நாலைந்து பம்ப், ஸ்டாண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக. எல்லாத் திரையிலும் ஒரே மாதிரி, மணிக்கு இத்தனை மில்லி. எதில் எந்த மருந்து என்று எப்படித் தெரியும்? மைக்ரோபோர் டேப்பைக் கிழித்து, பேனாவால் 'நார்அட்', 'மிடாஸ்' என்று எழுதி ஒவ்வொரு பம்பின் நெற்றியிலும் ஒட்டியிருந்தார்கள். பம்புக்குள் மருந்துப் பெயர்ப் பட்டியல் இல்லாமல் இல்லை, நாலு மெனு தாண்டிப் போனால் இருக்கும். அவசரத்தில் யார் போவார்கள்? ஒரு பம்பில் டேப் அலாரம் விளக்கையே பாதி மறைத்திருந்தது. மேல் பம்ப் உயரத்தில் இருந்ததால் குள்ளமான சிஸ்டர் ஒருவர் எக்கி எக்கிப் பார்த்தார், கீழிருந்து பார்த்தால் அந்தத் திரை வெளுத்துப்போய்த் தெரியும். எங்கள் லேபில் பம்ப் எப்போதும் மேசை மேல், கண்ணுக்கு நேராக, டியூப்லைட் வெளிச்சத்தில் இருக்கும்.

அலாரம் அடித்தபடியே இருந்தது. அக்கா சொன்னார், "அடிச்சா முதல்ல ம்யூட்டு தம்பி, அப்புறந்தான் ஏன்னு பார்ப்போம். இல்லன்னா பைத்தியம் புடிச்சிரும்." அதை அலட்சியம் என்று சொல்கிறவர் அங்கே ஒரு ராத்திரி நிற்க வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தருகிற ஜாயின்ட் கமிஷன் 2013-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்த நடவடிக்கையும் தேவைப்படாதவை என்று இருக்கிறது. அலாரம் தொடர்பான 98 சம்பவங்கள் மூன்றரை வருடத்தில் அவர்களிடம் பதிவானதில் 80 பேர் இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கருவிக்காரரும் தன் கருவி மட்டுமே அந்த அறையில் இருப்பதாக நினைத்து அலாரம் வைக்கிறார். அறை முழுவதையும் ஒரு சிஸ்டமாகப் பார்க்க யாருக்கும் சம்பளம் இல்லை.

அலாரத் தரமான ஐஇசி 60601-1-8-ல் 2020-ல் ஒரு நல்ல மாற்றம் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு வகைக்கும் ஒரு சின்ன ராகம் மாதிரி வைத்திருந்தார்கள், அதை நினைவில் வைத்துக்கொள்ள நர்ஸ்களால் முடியவில்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. இப்போது இதயத்துக்கு இதயத் துடிப்புச் சத்தம், மருந்து ஏற்றும் கருவிக்கு மாத்திரை டப்பாவைக் குலுக்கும் சத்தம். கேட்டவுடன் புரியும். எங்கள் ஸ்பீக்கர் பஸ்ஸர் வகை, பீப் மட்டும்தான் வரும், மாத்திரை டப்பா வராது. ஆக மறுபடி ஹார்டுவேர்.

இங்கேதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் உள்ளே வருகிறது. 'பம்ப் பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்' என்று ஒரு ரெக்வயர்மென்ட் எழுதினால் அதை யாரும் டெஸ்ட் செய்ய முடியாது, அதனால் யாரும் கண்டுகொள்ளவும் மாட்டார்கள். அதையே 'இரவு விளக்கு வெளிச்சத்தில், கட்டிலின் கால்மாட்டில் நின்று, எந்தப் பம்பில் எந்த மருந்து எந்த வேகத்தில் போகிறது என்று தொடாமலேயே இரண்டு நொடிக்குள் சொல்ல முடிய வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். உடனே எல்லோருக்கும் வேலை வந்துவிடும். எழுத்து பெரிதாக வேண்டும், அதற்குத் திரை பெரிதாக வேண்டும், பக்கவாட்டிலும் கீழிருந்தும் தெரிகிற வகைத் திரை வேண்டும், அது கரண்ட் அதிகம் தின்னும், அப்போது நோயாளியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது பேட்டரி தாங்குமா, பேட்டரியைப் பெரிதாக்கினால் எடை ஏறும், எடை ஏறினால் ஐந்து பம்ப் மாட்டிய ஸ்டாண்ட் லிஃப்ட் வாசலில் கவிழுமா. சிஸ்டரின் கண்ணில் ஆரம்பித்த ஒரு வரி ஸ்டாண்டின் சக்கரத்தில் போய் முடிகிறது. இதை முதல் மாதத்தில் கண்டுபிடித்தால் ஒரு எக்ஸெல் ஷீட்டில் சண்டை போட்டுத் தீர்த்துவிடலாம். கடைசி மாதத்தில் கண்டுபிடித்தால் மேனுவலில் ஒரு வரி.

நம் ஊரில் இதை நன்றாகச் செய்ததே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் பெங்களூர் ஜாலஹள்ளியிலேயே. வாக்குப்பதிவு இயந்திரம். அரசியல் சண்டைக்குள் போகவில்லை, டிசைனை மட்டும் சொல்கிறேன். நம் சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இன்ஜினியராக இருந்தபோது அதன் உருவாக்கத்தில் பொறுப்பில் இருந்தார் என்பது தமிழ் வாசகர்களுக்குப் பழைய செய்தி. 2024 தேர்தலில் 64 கோடிக்கும் மேற்பட்டவர்கள் அந்த இயந்திரத்தில் வாக்களித்தார்கள், ஒருவரும் மேனுவல் படிக்கவில்லை. பேருக்கும் சின்னத்துக்கும் நேராக ஒரே ஒரு நீலப் பட்டன், அழுத்தினால் பக்கத்தில் விளக்கு, காதுக்கு ஒரு பீப், விவிபாட் கண்ணாடிக்குள் 7 நொடிக்குச் சீட்டு. திரும்பத் திரும்ப அழுத்தினாலும் ஒரு ஓட்டுதான், அடுத்த ஓட்டுக்கு அதிகாரி தன் பக்கத்தில் பட்டனை அழுத்த வேண்டும். படிக்கத் தெரியாதவர், பார்வை இல்லாதவர், சாவடியைக் கைப்பற்ற வருகிறவர் என்று எல்லோரையும் பெட்டிக்குள் வைத்து யோசித்திருக்கிறார்கள்.

ஆனால் அதிலேயே இன்னொரு யூசர் உண்டு, வாக்குச்சாவடி அதிகாரி. காலையில் கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுகள் மாதிரி வாக்குப்பதிவு நடத்தி, எண்ணிக்காட்டி, அதை அழித்துவிட்டு நிஜ வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். பதற்றத்தில் அழிக்க மறந்துபோன சாவடிகள் உண்டு, அதற்கென்று தேர்தல் ஆணையம் தனி நடைமுறையே வைத்திருக்கிறது. வாக்காளருக்குப் பட்டன், விளக்கு, சத்தம் என்று டிசைனிலேயே உதவி, அதிகாரிக்குப் பயிற்சி வகுப்பும் செக்லிஸ்டும். ஒரே இயந்திரத்துக்குள் ஏணியின் இரண்டு நுனியும் இருக்கிறது என்று நான் அடிக்கடி மீட்டிங்கில் சொல்வேன், சிலர் நெளிவார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். யூசபிலிட்டிக்கான, அதாவது கருவியைத் தவறில்லாமல் எளிதாகப் பயன்படுத்த முடிகிறதா என்பதற்கான ஐஇசி 62366 தரமும், எஃப்டிஏவின் 2016 வழிகாட்டுதலும் கடைசிச் சோதனைக்கு நிஜ ஆட்களைக் கேட்கின்றன. ஒவ்வொரு யூசர் வகைக்கும் குறைந்தது 15 பேர் என்பது எஃப்டிஏ கணக்கு. சோதனைக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்ஸிக்காரர்கள் சுலபமாகக் கொண்டுவருவது நர்ஸிங் கல்லூரி மாணவிகளை. நன்றாகத் தூங்கி, காலை பதினொரு மணிக்கு வந்து, ஏசி ரூமில் ஒரே ஒரு பம்பை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கூப்பனோடு போவார்கள். நான் நைட் டியூட்டி பார்க்கிறவர்கள் வேண்டும், அறையில் ஐந்து பம்ப் அலற வேண்டும், நடுவில் ஒரு போன் அடிக்க வேண்டும் என்று கேட்பேன். செலவு ஏறும், உண்மைதான்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கிற சண்டை அட்டெண்டர் பற்றியது, அதாவது நோயாளியோடு துணைக்குத் தங்குகிற சொந்தக்காரர். ஐசியூவில் அவர்களை விடமாட்டார்கள், வார்டில் கட்டிலுக்கு ஒருவர் உண்டு. கிருஷ்ணகிரி அக்கா போகிறபோக்கில் சொன்னதுதான்: "வார்டுல பாதி நேரம் சத்தத்த நிறுத்துறதே அட்டெண்டர்தான். பேஷன்ட் தூங்கணும்ல." நம் ஆஸ்பத்திரிகளில் சாப்பாடு ஊட்டுவது, பாட்டில் தீர்ந்தால் ஓடிப்போய்ச் சொல்வது எல்லாம் அவர்கள்தான், பம்ப் மட்டும் அவர்கள் கைக்கு வராது என்று எந்த நம்பிக்கையில் எழுதுவது? எங்கள் யூசர் பட்டியலில் நர்ஸ், டாக்டர், பயோமெடிக்கல் டெக்னீஷியன் மூவர்தான். அட்டெண்டரையும் சேர்ப்போம் என்றேன். அரசு அனுமதி விஷயங்களை (ரெகுலேட்டரி) பார்க்கிறவர், "யூசர்னு எழுதினா அவங்களுக்கும் மேனுவல் குடுக்கணும் சார், கன்னடம், தமிழ், ஹிந்தி மூணுலயும்" என்றார். மேனுவல் வேண்டாம், ஒருமுறை ம்யூட் செய்து, காரணம் சரியாகாமல் மறுபடி ம்யூட் அழுத்தினால் அலாரம் நர்ஸ் ஸ்டேஷனுக்குப் போகட்டும் என்றேன். அதற்கு நர்ஸ் கால் லைனோடு சேர்க்க ஒரு கனெக்டர் வேண்டும். போர்டின் பின்பக்கத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் இடம் கிடைக்குமா என்று ஹார்டுவேர் டீம் பார்த்துக்கொண்டிருக்கிறது, மோல்டு இன்னும் போடவில்லை.